எங்கே கசிகிறது இரும்பு?

அரிசி டப்பாவுக்குள் கைவிட்டு ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டுக்கொள்ளும் பெண்பிள்ளைக்கு நம் வீடுகளில் ஒரு எச்சரிக்கை தயாராக இருக்கும்: “உன் கல்யாணத்தன்று மழை கொட்டப் போகிறது, பார்.” சொல்பவரும் சிரிப்பார், கேட்பவளும் சிரிப்பாள், மெல்லுவது மட்டும் நிற்காது. பள்ளிக்கூடத்தில் பல்பம் கடிக்கும் பிள்ளைகள் உண்டு. கர்ப்பிணிகளில் சிலருக்குத் திருநீறு, சிலருக்குச் செங்கல் தூள், சிலருக்கு ஈரமண் வாசனை வந்தாலே நாக்கில் நீர் ஊறும். வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜ் வந்தபின் ஐஸ் கட்டியை நாள் முழுக்கக் கடித்து நொறுக்குகிறவர்களும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டார்கள்.

மசக்கை, குழந்தைத்தனம், கெட்ட பழக்கம் என்று ஆளுக்கொரு பெயர் வைத்து இவற்றைக் கடந்துவிடுகிறோம். இரும்புச்சத்துக் குறைபாட்டின் பழைய அடையாளங்களில் இந்த மெல்லும் ஆசையும் ஒன்று என்பது மருத்துவப் புத்தகங்களில் இருக்கிறது. அடுக்களைக்கு வந்து சேரவில்லை. அரிசி மெல்லும் எல்லோருக்கும் இரும்பு குறைவு என்று சொல்ல முடியாது. இந்த ஆசை ஏன் வருகிறது என்பதற்கும் முடிவான விளக்கம் இல்லை. ஆனால் இரும்பு மாத்திரை தொடங்கிய சில நாட்களிலேயே, ஹீமோகுளோபின் ஏறுவதற்கு முன்பே, ஐஸ் தின்னும் வெறி அடங்கிவிடுவதை மருத்துவர்கள் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். இப்படி எளிதாகக் கைக்கு எட்டும் ஓர் அடையாளத்தை, கேட்டால் வெட்கப்படுவார்கள் என்று மருத்துவர் கேட்பதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று நோயாளி சொல்வதில்லை.

மற்ற அடையாளங்களின் கதி இதைவிட மோசம். அவை நோயாகவே தெரிவதில்லை, குணமாகத் தெரிகின்றன. எந்நேரமும் களைப்பு என்றால் சோம்பேறி. எரிந்து விழுந்தால் சிடுமூஞ்சி. படித்தது நிற்காவிட்டால் மக்கு. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கினால் வயதாகிவிட்டது, எடை கூடிவிட்டது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) கணக்குப்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை, தமிழ்நாட்டில் 53.4. பாதிப்பேருக்கு மேல் அப்படித்தான் இருக்கிறார்கள் என்றால், அந்தக் களைப்பே ஊரின் இயல்பாகிவிடுகிறது. தன் அம்மாவும் அக்காவும் இப்படித்தான் இருந்தார்கள் என்று நினைக்கும் பெண், இதை ஒரு குறையாகப் போய்ச் சொல்லமாட்டாள்.

இந்தச் சோர்வின் விலையை அளந்து காட்டிய ஆய்வு ஒன்று நமக்கு மிக அருகில் நடந்தது. இலங்கையின் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு, ஒரு பிரிவினருக்கு இரும்பும் மறு பிரிவினருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்து, அவர்கள் பறித்த கொழுந்தை நிறுத்துப் பார்த்தார்கள். 1979இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வெளியானது. இரும்பு கிடைத்தவர்களின் கூடை கனத்தது. சோகை கடுமையாக இருந்தவர்களிடம் அந்த வித்தியாசம் கூடுதலாகத் தெரிந்தது. அவர்களின் அன்றாட நடமாட்டமும் கூடியிருந்தது. மலையகத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள்தாம். கங்காணியின் வாயில் ‘சோம்பல்’ என்று பட்டம் வாங்கியதில் எவ்வளவு பங்கு ரத்தத்தில் இல்லாத இரும்பின் பங்கு என்று யாரும் கணக்குப் போட்டதில்லை.

உடம்பு காட்டும் குறிகளை இப்படிப் பார்க்கலாம். கிராம சுகாதாரச் செவிலியர் கீழ் இமையை விரலால் இழுத்து உட்புறம் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பார். உள்ளங்கை ரேகையையும் நாக்கையும் பார்ப்பார். நல்ல முறைதான், ஆனால் கடுமையான சோகையைப் பிடிக்கும் அளவுக்கு லேசானதைப் பிடிக்காது. நகம் மெலிந்து, தட்டையாகி, நடுவில் குழிந்து கரண்டிபோல் ஆவது நாள்பட்ட குறைபாட்டின் அடையாளம். கடைவாயில் வெடிப்பு வரும். நாக்கு வழுவழுப்பாகிக் காரம் பட்டால் எரியும். முடி கொத்துக்கொத்தாக வரும். இரவில் படுத்ததும் கால் குடைச்சல் எடுத்து, காலை ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் நிம்மதி என்பவர்கள் வலி நிவாரணித் தைலத்தைத் தேடுவதற்கு முன் இரும்பின் அளவைப் பார்ப்பது நல்லது. சின்னக் குழந்தை வீறிட்டு அழும்போது மூச்சடைத்து நீலம் பாய்ந்து துவண்டுபோனால் வீடே நடுங்கிப்போகும், மந்திரிக்க ஓடுவார்கள். அந்தக் குழந்தைகள் பலருக்கு இரும்பு குறைந்திருப்பதும், அதைச் சரிசெய்ததும் அந்த மூச்சடைப்பு குறைவதும் ஆய்வுகளில் தெரிந்த விஷயம்.

இதில் ஒரு சூது உண்டு. குறைவு மெதுவாக வந்தால் உடம்பு அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்கிறது. இதயம் வேகமாக அடிக்கும், திசுக்கள் கிடைக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். ஹீமோகுளோபின் 6 கிராமுக்கு இறங்கிய பெண், தண்ணீர்க் குடத்தைச் சுமந்துகொண்டே நடமாடுவாள். விபத்தில் ஒரே நாளில் அந்த அளவுக்கு ரத்தம் இழந்தவர் எழுந்து உட்காரவே முடியாது. ஆகவே ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்ற வாக்குமூலத்தை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது.

குறைபாடு எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ள உடம்பின் வரவுசெலவைப் பார்க்க வேண்டும். வளர்ந்த ஒருவரின் உடம்பில் மொத்தமே 3 முதல் 4 கிராம் இரும்பு, ஓர் ஆணிக்குத் தேறும். அதில் மூன்றில் இரண்டு பங்கு ரத்தச் சிவப்பணுக்களில். ஓர் அணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். செத்த அணுவிலிருந்து இரும்பைப் பிரித்து உடம்பு மறுபடியும் பயன்படுத்திக்கொள்கிறது. தினமும் இப்படிச் சுழல்வது 20 மில்லிகிராமுக்கு மேல். வெளியே போவது, தோல் உதிர்வதும் குடலின் உட்படலம் கழிவதுமாக, ஒரு மில்லிகிராம் அளவுதான். உணவிலிருந்து உள்ளே வருவதும் ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான். இவ்வளவு கருமியான ஏற்பாட்டில் ரத்தம் மட்டும் வெளியேறினால் கணக்கு உடனே கவிழ்ந்துவிடும், ஏனென்றால் 2 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஒரு மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. தினமும் அரை ஸ்பூன் ரத்தம் கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது கசிந்தால் எந்தக் கீரையாலும் அதை ஈடுகட்ட முடியாது.

என் தரப்பு வாதமும் இதுதான். இரும்பு குறைந்திருக்கிறது என்று தெரிந்ததும் நம் முதல் கேள்வி ‘என்ன சாப்பிடலாம்?’ என்பதாக இருக்கிறது. ‘எங்கே போகிறது?’ என்பதே முதலில் கேட்க வேண்டியது.

பெண்களுக்குப் பெரும்பாலும் விடை மாதவிடாயில் இருக்கிறது. அதைக் கேட்கும் விதத்தில்தான் கோளாறு. “பீரியட்ஸ் சரியாக வருதாம்மா?” என்று கேட்டால் “சரியாத்தான் வருது” என்பார்கள். மாதாமாதம் தேதி தவறாமல் வருகிறது என்பது அதற்கு அர்த்தம். எவ்வளவு போகிறது என்பதற்கு அதில் பதில் இல்லை. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா, ராத்திரியில் அதற்காகவே எழுந்திருக்கிறீர்களா, கட்டி கட்டியாகப் போகிறதா, ஏழு நாளைத் தாண்டுகிறதா, அந்த நாட்களில் வெளியூர்ப் பயணத்தைத் தள்ளிப்போடுகிறீர்களா என்று கேட்டால் வேறு பதில் வரும். கர்ப்பப்பையில் நார்க்கட்டி, தைராய்டு குறைவு, ரத்தம் உறைவதில் பிறவிக் கோளாறு என்று பின்னால் காரணங்கள் இருக்கலாம். பூப்பெய்திய நாளிலிருந்தே அதிகம் போகும் பெண்ணிடம் அந்தக் கடைசிக் காரணத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். ‘சின்ன வயசுல அப்படித்தான் இருக்கும்’ என்று பெரியவர்கள் சொல்வதால் வருடங்கள் போய்விடுகின்றன.

ஒரு கர்ப்பம் மொத்தமாகக் கேட்கும் இரும்பு கிட்டத்தட்ட 1,000 மில்லிகிராம். கருப்பைக் குழந்தை தன் பங்கைத் தாயிடமிருந்து பிடுங்காத குறையாக எடுத்துக்கொள்ளும். சேமிப்பு இல்லாமல் கர்ப்பத்துக்குள் நுழையும் பெண் ஒன்பது மாதத்தில் அந்த அளவைச் சாப்பாட்டில் மட்டும் திரட்ட வழியே இல்லை. அடுத்த குழந்தை சீக்கிரமே உண்டாகிவிட்டால் கடன்மேல் கடன்.

ஆண்களிடமும் மாதவிடாய் நின்ற பெண்களிடமும் இதே குறைபாடு தெரிந்தால் கதை வேறு. அறுபது வயது அப்பா வெளுத்துப்போய்க் களைப்பாக இருக்கிறார் என்று டானிக் வாங்கிக் கொடுத்து, ஹீமோகுளோபின் ஏறியதும் திருப்திப்பட்டுக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. அவருக்கு இரும்பு வெளியேற வழி வேறெங்கும் இல்லை; குடலில் எங்கோ ரத்தம் கசிகிறது என்றே வைத்துக்கொண்டு தேட வேண்டும். மூட்டுவலிக்கு வருடக்கணக்காக விழுங்கிய மாத்திரையால் வயிற்றுப் புண்ணாக இருக்கலாம். மூலமாக இருக்கலாம். பெருங்குடல் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். வலியோ மலத்தில் சிவப்போ தெரியும் முன்பே அது ரத்தத்தை மெதுவாகக் கசியவிட்டுக்கொண்டிருக்கும். டானிக் அந்த அறிகுறியை மூடி மறைத்துவிடுகிறது. மூலம் இருக்கிறது என்பதே மேற்கொண்டு பார்க்காமல் விடுவதற்கும் சாக்காகிவிடுகிறது. எண்டோஸ்கோப்பி என்றால் பயப்படுகிறார்கள். இங்கே அது தவிர்க்கக் கூடாத செலவு.

கொக்கிப்புழு பழைய எதிரி. வெறுங்காலில் நடப்பவரின் தோல் வழியாக நுழைந்து, குடலில் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். இலங்கைத் தோட்டங்களில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1916இல் இதற்கெதிரான இயக்கத்தைத் தொடங்கியதற்கு ஒரு காரணம் தொழிலாளியின் உழைப்புத் திறன் குறைவது. செருப்பும் கழிப்பறையும் பரவியபின் நம் ஊர்களில் அதன் பலம் குறைந்திருக்கிறது. பள்ளிகளில் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளையொட்டிக் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையும் அதற்குத்தான்.

உறிஞ்சும் இடம் பழுதானாலும் குறைபாடு வரும். அமிலம் குறைக்கும் ‘கேஸ்’ மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவது, எடை குறைப்புக்காக இரைப்பையைச் சுருக்கும் அறுவை, ஹெலிகோபாக்டர் கிருமித் தொற்று ஆகியவை இந்த வகை. அடிக்கடி ரத்த தானம் செய்யும் நல்ல மனசுக்காரர்களும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். அது சின்ன விஷயமில்லை, குழந்தைகளிடம் அதுவே முதல் காரணம். ஒரு வயதைத் தாண்டியும் பாட்டில் பாட்டிலாகப் பசும்பால் குடித்து, சோற்றைத் தள்ளிவிடும் கொழுகொழு குழந்தை நல்ல உதாரணம். பாலில் இரும்பு மிகக் குறைவு. அதன் கால்சியம் மற்ற உணவின் இரும்பையும் உறிஞ்சவிடாது. பார்க்கப் புஷ்டியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

பெரியவர்களுக்கு நம் தட்டில் இருக்கும் சிக்கல், இரும்பின் அளவைவிட அது உள்ளே போகும் விகிதம். மாமிசத்தில் இருக்கும் ஹீம் வகை இரும்பு தாராளமாக உள்ளே போகும். தானியம், பருப்பு, கீரையில் இருப்பது சிரமப்பட்டுத்தான் போகும். தானியத்திலும் பருப்பிலும் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதைக் கட்டிப்போடும். அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம், ஆணுக்கு 19 மில்லிகிராம் என்று இவ்வளவு பெரிய அளவை வைத்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல், கேழ்வரகில் 4.6, முருங்கைக்கீரையில் ஏறக்குறைய அதே அளவு. தீட்டிய அரிசியில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. முருங்கைக்கீரையை யாரும் 100 கிராம் சாப்பிடுவதில்லை, ஒரு கரண்டி பொரியல்தான். பீட்ரூட்டும் மாதுளையும் ரத்தம் ஊறச்செய்யும் என்ற நம்பிக்கைக்குச் சிவப்பு நிறத்தைத் தவிரப் பெரிய ஆதாரமில்லை.

இதற்கு நேர்மாறாக, யாரும் விளம்பரம் செய்யாத ஒன்று கறிக்கடையில் இருக்கிறது: சுவரொட்டி. ஆட்டின் மண்ணீரல். பிள்ளை பெற்றவளுக்கும் வெளுத்துப்போன குழந்தைக்கும் அதைத் தணலில் சுட்டோ மிளகு போட்டு வதக்கியோ கொடுக்கும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. ஆட்டு மண்ணீரலில் 100 கிராமுக்கு 40 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு. அதில் ஒரு பகுதி ஹீம் வகை. ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் என்பதால் காலையிலேயே சொல்லிவைக்க வேண்டும். ஆட்டு ரத்தப் பொரியலும் இதே வரிசைதான். ஊட்டச்சத்து ஆலோசனை என்றதும் பேரீச்சம்பழத்தையும் வெல்லத்தையும் மட்டுமே நீட்டும் சுவரொட்டிப் படங்களில் இந்தச் சுவரொட்டிக்கு இடமில்லாமல் போனதற்கு ஊட்டச்சத்து காரணமல்ல, ஆலோசனை எழுதுகிறவர்களின் சாப்பாட்டுப் பழக்கமே காரணம் என்று நினைக்கிறேன்.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கும் வழி இருக்கிறது. கீரைச் சோற்றோடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போல வைட்டமின் சி ஒன்று சேர்ந்தால் அதே இரும்பு இரண்டு மூன்று மடங்கு உள்ளே போகும். ஊறவைப்பதும் முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் ஃபைட்டேட்டைக் குறைக்கும். இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு கொதித்தால் சட்டியே கொஞ்சம் குழம்பில் இறங்கும். நான்ஸ்டிக் வந்து அந்த வரவை நிறுத்திவிட்டது. டீ, காபியைச் சாப்பாட்டோடு குடித்தால் உறிஞ்சல் வெகுவாகக் குறைந்துவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பதற்குக் காசு செலவில்லை.

பரிசோதனைக்கு வருவோம். நம் ஊரில் இரும்பு என்றாலே ஹீமோகுளோபின்தான். ஆனால் சேமிப்பு முழுக்கக் காலியான பிறகே அது இறங்கத் தொடங்கும். சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின்; வளர்ந்தவர்களுக்கு அது 15க்குக் கீழே இருந்தால் கையிருப்பு இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காய்ச்சல், அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் தானாக ஏறிக்கொள்ளும் என்பதால் அப்போது எல்லையை 70 வரை உயர்த்திப் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் 12.5 இருந்தும் சக்கையாகக் களைத்துப்போகும் பெண்களில் ஃபெரிட்டின் குறைந்திருந்தவர்களுக்கு இரும்பு கொடுத்ததும் களைப்பு குறைந்ததை ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எதிர்ப்பக்கமும் உண்டு. ரத்தசோகை எல்லாமே இரும்புக் குறைபாடு இல்லை. 1928இல் பம்பாய் வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளின் சோகை ஈஸ்ட் சாற்றில் குணமாவதைக் கண்டார். அந்தச் சாற்றில் இருந்த சத்துதான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது. 1952இல் ஆய்வாளர்கள் லெமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் அணு மரபைக் கண்டறிந்தார்கள். தலசீமியா மரபு உள்ளவரின் சிவப்பணுவும் இரும்புக் குறைபாட்டைப் போலவே சிறுத்திருக்கும்; அவருக்கு ஆண்டுக்கணக்கில் சத்து மாத்திரை கொடுத்தாலும் எண் நகராது. 2016-18இல் நடந்த முழுமையான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு இந்த விஷயத்தில் பலரை நிமிர்ந்து உட்காரவைத்தது. விரல் நுனியில் குத்தாமல் நரம்பில் எடுத்த ரத்தத்தில் பார்த்தபோது, சோகை உள்ள வளரிளம் பருவத்தினரில் ஐந்தில் ஒரு பங்குக்கே இரும்புக் குறைபாடு காரணமாக இருந்தது. அதோடு, இரும்புக் குறைபாடு நகரத்திலும் வசதியான வீடுகளிலும் கூடுதலாக இருந்தது. ஏழ்மையின் நோய் என்று நினைத்திருந்தோம்; ஏழ்மையின் சோகைக்குத் தொற்றும் பிற சத்துக்குறைவுகளும் சேர்ந்த வேறு வேர்கள் இருக்கின்றன.

அரசின் இரும்பு மாத்திரைத் திட்டம் 1970இல் தொடங்கியது. இன்று பள்ளிகளில் வாரத்துக்கு ஒன்று, சிறுவர்களுக்கு இளஞ்சிவப்பும் வளரிளம் பருவத்தினருக்கு நீலமும். கர்ப்பிணிகளுக்குத் தினம் ஒரு சிவப்பு. ரேஷனில் செறிவூட்டிய அரிசியும் வந்தது. சாதாரண அரிசியோடு கலந்த அந்த மணிகள் தண்ணீரில் மிதப்பதைக் கண்டு ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிந்தவர்கள் நம் ஊரிலேயே உண்டு. முன்கூட்டிச் சொல்லாதவர்கள்மேல்தான் தப்பு. மாத்திரையின் கதையும் இதேதான். பீரோவுக்குள் பிரிக்காத அட்டைகளாகக் கிடக்கும். மலம் கறுக்கும் என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள், குமட்டினால் என்ன செய்வதென்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஒரு டோஸ் உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து அடுத்த 24 மணி நேரத்துக்கு வாசலைச் சாத்துகிறது என்று சூரிச் நகரத்து ஆய்வாளர்கள் 2015இலும் 2017இலும் காட்டினார்கள். ஆகவே லேசான குறைபாட்டுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பது வயிற்றுக்கும் நல்லது, உறிஞ்சலுக்கும் நல்லது. கர்ப்பிணிகளும் கடுமையான சோகை உள்ளவர்களும் மருத்துவர் சொன்னபடி எடுக்க வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் நரம்பில் ஏற்றும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிறது. சித்த மருத்துவம் சோகைக்குக் கொடுக்கும் அன்னபேதிச் செந்தூரத்தின் மூலப்பொருளான அன்னபேதி, வேதியியலில் ஃபெரஸ் சல்பேட். அரசு மாத்திரையில் இருப்பதும் அதே உப்புதான். ஆகவே இரண்டையும் சேர்த்து விழுங்குகிறவர்கள் இரு மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடுவது பரவலான தவறு. அதற்குப் பிறகும் மூன்று மாதம் எடுத்தால்தான் சேமிப்பு நிரம்பும். பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் மாத்திரை தொடர வேண்டும் என்பது திட்டத்திலேயே இருக்கிறது. பிள்ளை பிறந்ததும் வீட்டின் கவனம் பிள்ளையிடம் போய்விடுகிறது, தாயின் அடுத்த ரத்தப் பரிசோதனை பலநேரம் அடுத்த கர்ப்பத்தில்தான். குழந்தைக்குத் தடுப்பூசி போட ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் அவள் எப்படியும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறாள். அந்த மூன்று வருகையில் ஒன்றிலாவது அவள் விரலில் ஒரு துளி எடுத்துப் பார்ப்பதற்குப் புதுத் திட்டமோ தனி நிதியோ வேண்டியதில்லை.